இசை: பொழுதுபோக்கும் பிழைப்பும் – யாரை நிற்க வைத்துவிட்டு ஓடுகிறோம்?

 



சென்ற பங்குனி மாதத்தில் ஓர் இரவு. இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, பள்ளிவாசலில் செருப்பு விடும் இடத்தில் ஒரு வாலிபர் நின்றுகொண்டிருந்தார். “உள்ளே வாங்க தம்பி” என்றேன். “இல்லைங்க ஹஜ்ரத், இங்கேயே நிக்கிறேன்” என்றார். சிறு வயதில் மக்தபில் என்னிடம் ஓதியவர்தான். இப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் நம் புதுக்கோட்டைச் சீமையில் ஊருக்கு ஊர் திருவிழாவும் கல்யாணமும் நடக்கும். அவருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். “நான் கொண்டாந்து குடுக்குற காசை அத்தா தொட மாட்டேங்கிறாங்க. அம்மா அதுல அரிசி, பருப்பு வாங்குறதில்ல. கரண்டு பில்லுக்கு மட்டும்தான் எடுக்குறாங்க. ஹஜ்ரத், நான் ராத்திரி முழுக்கக் கண்ணு முழிச்சு சம்பாதிச்ச காசு. அது ஹராமா?”

வட்டிக் காசைத்தான் நம் வீடுகளில் அப்படித் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். தன் உழைப்புக்கும் அதே இடம் கிடைத்திருப்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை உடைந்துபோயிருந்தார்.

நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஜும்ஆவுக்கு அவரைக் காணோம். அதற்கடுத்த ஜும்ஆவிலும் காணோம். மிம்பரில் ஏறி நின்றபோது, கடைசி ஸஃப்பில் அவர் வழக்கமாக உட்காரும் தூணோரம் காலியாக இருந்தது. நான் சொன்ன வார்த்தையைவிட, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று அப்போதுதான் யோசித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

இசை ஊறிய மண்

இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் எழுவதில் வியப்பில்லை. புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை இருக்கிறது. அங்கே பாறையில் ஸ்வரங்களை வரிசை வரிசையாக, ஏழு பகுதிகளாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இசைப் பயிற்சிக்கான அந்தக் கல்வெட்டு கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உருத்திராச்சாரியார் என்ற ஆசிரியரின் மாணவரான ஓர் அரசர், படிக்கும் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக அதிலேயே குறிப்பு உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த அதே நூற்றாண்டில் இந்த மண்ணில் ஒருவர் இசையைக் கல்லில் எழுதிப் பாடம் நடத்தியிருக்கிறார்!

பிறகு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக உயர்த்தினார். அவரிடம் கற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புகழ் பெற்றார். இன்றும் மிருதங்கம் வாசிப்பவர்கள் “புதுக்கோட்டை பாணி” என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறார்கள்.

முஸ்லிம்களும் இதற்கு வெளியே நிற்கவில்லை. ஆந்திராவில் முஸ்லிம் நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய ஷேக் சின்ன மௌலானா, 1998இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஷெனாய் வாசித்த உஸ்தாத் பிஸ்மில்லா கான் 2001இல் பாரத ரத்னா பெற்றார். 2015இல் காலமான நாகூர் ஈ.எம்.ஹனீஃபாவின் குரல் கேட்காத தமிழ் முஸ்லிம் வீடு உண்டா? ரமளானில் ஸஹர் நேரத்துக்குத் தப்ஸ் அடித்துத் தெருவை எழுப்பிய பக்கீர்சாக்களை நம்மில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் ஒவ்வொருவர் மீதும் தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ். ஆனால் இசை என்பது யாரோ வெளியூர்க்காரரின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். அது நம் தெருவிலும் நம் வீட்டிலும் இருக்கிறது. நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனிலும் இருக்கிறது.

மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளையும் ஊதும் கருவிகளையும் கூடாது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் காட்டும் ஆதாரங்கள் வலுவானவை. திருக்குர்ஆன் 31ஆவது அத்தியாயமான லுக்மானின் 6ஆவது வசனம், மக்களை அல்லாஹ்வின் பாதையிலிருந்து வழிதவறச் செய்வதற்காக வீண் பேச்சை விலைக்கு வாங்குபவர்களை எச்சரிக்கிறது. அந்த வீண் பேச்சு என்பது பாட்டுதான் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சத்தியம் செய்து சொன்னதாக விரிவுரைகளில் வருகிறது. என் சமுதாயத்தில் சிலர் தோன்றி விபச்சாரத்தையும், ஆண்களுக்குப் பட்டையும், மதுவையும், இசைக்கருவிகளையும் ஆகுமாக்கிக் கொள்வார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.

மாற்றுக் கருத்து உடையவர்களும் சாமானியர்கள் அல்லர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்கள், புகாரியில் உள்ள அந்த அறிவிப்பின் தொடர் முறிந்தது என்று வாதிட்டு, இசை அடிப்படையில் ஆகுமானது என்றார்கள். ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் அந்த வாதத்துக்கு மறுப்பு எழுதி, தொடர் முறியவில்லை என்று நிறுவினார்கள். மறுப்பே வலுவானது என்று பெரும்பாலான ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே மத்ஹபுக்குள்ளேயும் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் இரு பெரும் தூண்கள் இமாம் ராஃபிஈ (ரஹ்), இமாம் நவவீ (ரஹ்). ஆடு மேய்ப்பவன் ஊதும் புல்லாங்குழல் கூடும் என்பதே சரியான கருத்து என்றார்கள் ராஃபிஈ. அவர்களது நூலைச் சுருக்கி எழுதிய நவவீ அவர்களோ, அதே இடத்தில் நிறுத்தி, கூடாது என்பதே சரியானது என்று திருத்தினார்கள். ஒரு மூங்கில் குழல் விஷயத்தில் இரண்டு இமாம்கள் இரண்டு பக்கம்! அதற்காக ஒருவர் மற்றவரை இழித்துப் பேசவும் இல்லை, வழிகெட்டவர் என்று சொல்லவும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? பிடித்த கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அல்ல. நான் பெரும்பான்மை அறிஞர்களின் கருத்தில்தான் இருக்கிறேன். ஆனால் மது ஹராம் என்று சொல்வதுபோல எந்த விளக்கமும் இல்லாமல், ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் விஷயம் அல்ல இது. நான் அன்றிரவு செய்த முதல் தவறு அதுதான்.

கஞ்சிராவும் தஃபும்

கஞ்சிராவைப் பார்த்திருக்கிறீர்களா? பலா மரத்தில் கடைந்த சிறு வளையம். ஒரு பக்கம் மட்டும் தோல். மறுபக்கம் திறந்திருக்கும். ஓரத்தில் ஒரு துளை போட்டு அதில் சிறு உலோகச் சில்லுகளைக் கோத்திருப்பார்கள். தட்டும்போது சில்லென்று ஒலிக்கும்.

இப்போது மதீனாவுக்கு வாருங்கள். பெருநாள் அன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் உள்ளே வந்து கண்டித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அச்சிறுமிகளை விட்டுவிடுமாறு சொல்லி, ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நமது பெருநாள் என்று காரணமும் சொன்னார்கள். அன்ஸாரிகளின் வீட்டுக்கு ஒரு மணப்பெண்ணை அனுப்பி வைத்தபோது, மகிழ்ச்சிக்கு ஏதும் ஏற்பாடு இல்லையா, அன்ஸாரிகளுக்கு அது பிடிக்குமே என்று விசாரித்தார்கள்.

அந்தத் தஃபும் இந்தக் கஞ்சிராவும் ஒரே குடும்பம். வளையம், ஒரு பக்கத் தோல், கையால் தட்டுவது. சில்லுகள் இருந்தால்? இமாம் நவவீ அவர்கள் தமது மின்ஹாஜ் நூலில் இதைக்கூட விட்டுவைக்கவில்லை. திருமணத்துக்கும் சுன்னத்துக்கும் தஃப் கூடும். மற்ற நேரங்களிலும் கூடும் என்பதே சரியானது. அதில் சலங்கைகள் இருந்தாலும் சரியே என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குச் சற்று முன்பு கூடாதவற்றைச் சொல்லும்போது, குடிகாரர்களின் அடையாளமாக ஆகிவிட்ட கருவிகள் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். இடை சிறுத்த ஒருவகைப் பறையையும் தடுக்கப்பட்டதில் சேர்க்கிறார்கள்.

தோலுக்கும் மரத்துக்கும் தனியாக எந்தக் குற்றமும் இல்லை என்பது இதிலிருந்து நமக்குப் புரிகிறது. ஒரு கருவி எந்தக் கூட்டத்தோடு உட்காருகிறது, யாருடைய அடையாளமாக மாறியிருக்கிறது, எதற்கு அழைக்கிறது என்பதையெல்லாம் நம் இமாம்கள் பார்த்தார்கள். திண்ணையில் பிள்ளைகள் தட்டும் தப்ஸையும், மது ஓடும் இடத்தில் நள்ளிரவில் அலறும் இசையையும் அவர்கள் ஒரே தராசில் வைக்கவில்லை.

கன்னத்தில் ஒரு மச்சம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா நூலில் இசை கேட்பதைப் பற்றி ஒரு தனிப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். இனிமையான ஓசை என்பதற்காக மட்டும் ஒன்று ஹராம் ஆகாது; அப்படியானால் குயில் பாடுவதைக் கேட்பதும் ஹராமாகிவிடுமே என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆனால் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் மதுவோடு உள்ள தொடர்பைக் காட்டித் தடுத்துவிடுகிறார்கள்.

அதே பகுதியில் அவர்கள் சொல்லும் ஓர் உவமை பொழுதுபோக்கைப் பற்றிப் பேசும் எல்லோருக்கும் உதவும். கன்னத்தில் ஒரு சிறு மச்சம் இருந்தால் அழகு. அதுவே முகம் முழுவதும் பரவிவிட்டால்? அழகாக இருந்ததே அசிங்கமாகிவிடும். சில சிறு பாவங்கள் விடாமல் செய்வதால் பெரும் பாவமாவது போல, ஆகுமான சில விளையாட்டுகளும் விடாமல் செய்வதால் சிறு பாவமாகிவிடும் என்கிறார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பள்ளிக்கூட பெஞ்சில் தாளம் போடுகிறான் என்பதற்காக அவன் கையில் அடிக்காதீர்கள். கைக்குத் தாளம் வருவது அல்லாஹ் கொடுத்தது. அந்தக் காதுதான் நாளைக்குத் தஜ்வீதின் நீட்டலையும் குறுக்கலையும் பிடிக்கப்போகும் காது. பிள்ளைகளே! உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காதில் இயர்போன் இருக்கிறது? தொழுகைக்கு எழும்போது அந்தப் பாட்டுதான் மனதில் ஓடுகிறதா? ருகூவிலும் ஓடுகிறதா? அப்படியானால் மச்சம் முகம் முழுக்கப் பரவிவிட்டது.

குரலை விற்காத நபி

பொழுதுபோக்கு அப்படி என்றால், பிழைப்பு?

அல்லாஹ் தாவூத் (அலை) அவர்களுக்குக் கொடுத்த குரலுக்கு ஈடு இல்லை. 34ஆவது அத்தியாயமான ஸபஃவின் 10ஆவது வசனத்தில், அவர்களோடு சேர்ந்து துதிக்குமாறு மலைகளுக்கும் பறவைகளுக்கும் அல்லாஹ் கட்டளையிட்டதைச் சொல்கிறான். அபூமூஸா (ரலி) அவர்களின் அழகிய ஓதலைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூதின் குடும்பத்தாருக்குரிய இனிமை உமக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் அவர்கள் பயன்படுத்திய அரபுச் சொல்லே குழலைக் குறிக்கும் சொல்தான்.

அந்த 10ஆவது வசனம் எப்படி முடிகிறது தெரியுமா? தாவூத் நபிக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தோம் என்று முடிகிறது. அடுத்த வசனம் கவசம் செய்யச் சொல்கிறது. மலையே கூடப் பாடிய குரல் ஒரு வசனத்தின் தொடக்கத்தில், கொல்லன் பட்டறை அதன் முடிவில்! தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே சாப்பிட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. உலகிலேயே இனிய குரல் உடையவர் தம் குரலை விற்றுச் சாப்பிடவில்லை. குரலை அல்லாஹ்வுக்கு வைத்துக்கொண்டு, கையை வயிற்றுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து சட்டம் எடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு படிப்பினை எடுக்கிறேன். மனிதனுக்குள் இருக்கும் மிக மென்மையான ஒன்றை விலைக்கு வைக்கும்போது, வாங்குபவன் சொல்வதுபோல் அதை வளைக்க வேண்டிவரும். அந்தக் கீபோர்டு வாலிபர் என்னிடம் அன்று இன்னொன்றும் சொன்னார்: “எனக்குப் புடிச்சதை வாசிச்சு வருஷமாச்சு ஹஜ்ரத். குடிச்சுட்டு மேடை முன்னாடி வந்து சத்தம் போடுறவன் கேக்குறதைத்தான் வாசிக்கணும்.”

அதைக் கேட்டபோது எனக்கும் உறுத்தியது. நானும் குரலை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஓதுகிறேன், பயான் செய்கிறேன், சம்பளம் வாங்குகிறேன். அறிஞர்கள் இதை அனுமதித்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மறுமையில் முதலில் தீர்ப்பளிக்கப்பட்டு நரகத்தில் போடப்படும் மூவரில் ஒருவன், நன்றாக ஓதுகிறான் என்று மக்கள் சொல்லவேண்டும் என்பதற்காகவே ஓதியவன் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கேட்பவர்கள் தலையாட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நான் ஒரு வசனத்தை இழுத்து ஓதினால், அந்த மேடைக்கும் இந்த மிம்பருக்கும் எவ்வளவு தூரம்? அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வதற்கு முன்பு நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி வசனம்

சகோதரர்களே! வெள்ளிக்கிழமையின் பெயரையே தாங்கிய அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதன் கடைசி வசனத்தை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை. நபி (ஸல்) அவர்கள் நின்றபடி குத்பா நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். அப்போது உணவுப் பொருள் ஏற்றிய வணிகக் கூட்டம் மதீனாவுக்குள் வந்தது. அப்படிப்பட்ட கூட்டம் வந்தால் மேளம் கொட்டி வரவேற்பது வழக்கம் என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள். சத்தம் கேட்டதும் மக்கள் எழுந்து ஓடினார்கள். மிஞ்சியது பன்னிரண்டு பேர்தான் என்கிறார்கள் ஜாபிர் (ரலி). அப்போது 62ஆவது அத்தியாயத்தின் 11ஆவது வசனம் இறங்கியது. வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டால் அதன் பக்கம் ஓடி, உம்மை நின்ற நிலையில் விட்டுவிடுகிறார்கள் என்று அல்லாஹ் கண்டித்தான். தன்னிடம் உள்ளது அந்த வேடிக்கையையும் வியாபாரத்தையும் விடச் சிறந்தது என்றும், வாழ்வாதாரம் அளிப்பவர்களில் தானே சிறந்தவன் என்றும் சொன்னான்.

கவனியுங்கள். வேடிக்கை, வியாபாரம். பொழுதுபோக்கு, பிழைப்பு. இரண்டையும் அல்லாஹ் அருகருகே நிறுத்தியிருக்கிறான். வியாபாரம் ஹலாலானது. பஞ்ச காலத்தில் உணவு வாங்கப் போவது அத்தியாவசியமும்கூட. முந்தைய வசனத்தில் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவனது அருளைத் தேடுங்கள் என்று அவனே அனுப்பி வைக்கிறான். அப்படியிருந்தும் கண்டித்தான். காரணம், நபியை நிற்க வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே ஒரு தொழிலைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு கேள்விகள் உண்டு. இது ஆகுமானதா என்பது ஒன்று. இதற்காக நான் யாரை நிற்க வைத்துவிட்டு ஓடுகிறேன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆலிமிடம் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு உங்களிடம்தான் பதில் இருக்கிறது.

இரவு 2 மணிக்குக் கச்சேரி முடிந்து, வேனில் தூங்கி, ஃபஜ்ரைத் தவறவிடும் வாலிபர் இந்த வசனத்துக்கு உட்பட்டவர்தான். ஆனால் நகரத்துக் கடைவீதியில் ஹலாலான ஜவுளிக்கடை வைத்துக்கொண்டு, பாங்கு சொல்லும்போது இன்னும் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருப்பவர்? அவருடைய கையில் தஃப்கூட இல்லை. வசனம் அவரையும் விடவில்லை. அவர் அந்த வாலிபரைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்றால், தம்மைப் பற்றிய பாதி வசனத்தை அவர் படிக்கவே இல்லை.

கூலி கொடுத்தவர் யார்?

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த மெல்லிசைக் குழுவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர் யார்? மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பேண்டு செட் பேசி முன்பணம் கொடுத்தவர் யார்? வலீமாவில் டிஜே வைத்து, மண்டபத்துச் சுவர் அதிர விட்டது யார் வீட்டுப் பணம்? நம் வீடுகளில் இது நடக்கவே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

ஒரு செயல் பாவம் என்றால், செய்யச் சொல்லிக் கூலி கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. மதுவின் விஷயத்தில் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், வாங்குபவர் என்று பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். நாமோ வாங்குபவரை மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார வைத்து சால்வை போடுகிறோம். வாசித்தவரை மண்டபத்தின் பின்னால் தனி இலையில் சாப்பிட வைக்கிறோம். மறுநாள் அவரைப் பார்த்து, மேளம் அடிக்கிறவன் என்று பேசிக்கொள்கிறோம். பெண் கொடுக்கத் தயங்குகிறோம். இசையைக் கூடாது என்று சொல்ல மார்க்கத்தில் ஆதாரம் இருக்கிறது. ஒரு முஸ்லிமை இழிவாகப் பார்க்க எந்த மத்ஹபில் ஆதாரம் இருக்கிறது? ஒரு மனிதன் கெட்டவனாக இருப்பதற்குத் தன் முஸ்லிம் சகோதரனை இழிவாகக் கருதுவதே போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே!

இப்னு அப்பாஸ் (ரலி) காட்டிய வழி

இதே போன்ற ஒரு கேள்வியோடு ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். உருவங்கள் செய்வதே என் கைத்தொழில், அதில்தான் என் வாழ்க்கை ஓடுகிறது என்றார். நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்ட எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) மறைக்காமல் சொன்னார்கள். அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது, மூச்சு வாங்கியது. அதைப் பார்த்ததும் அவர்கள் அங்கேயே நிறுத்தவில்லை. இத்தொழிலை விடவே முடியாது என்றால் மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் வரைந்துகொள் என்று வழி காட்டினார்கள். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது.

சட்டத்தை அவர்கள் மாற்றவில்லை. அந்த மனிதரின் கையில் இருந்த திறமையையும் பிடுங்கிப் போடவில்லை. அதே கைக்கு வேறு வேலை காட்டினார்கள். எதிரில் நிற்பவரின் முகம் மாறியதை அவர்கள் பார்த்தார்கள். நான் அன்றிரவு இருட்டில் அந்த வாலிபரின் முகத்தைப் பார்க்கவில்லை.

எனவே இந்தத் தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்குச் சொல்கிறேன். முதலாவது, எந்த மேடைக்காகவும் தொழுகையை விடாதீர்கள். அதில் மட்டும் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவது, மது ஓடும் இடங்களையும், ஆபாசப் பாட்டுக்கு ஆட வைக்கும் மேடைகளையும் இன்றைக்கே ஒதுக்குங்கள். வருமானம் குறையும், தெரியும். வாழ்வாதாரம் அளிப்பவர்களில் சிறந்தவன் யார் என்று அந்த வசனம் எதற்காக முடிந்தது? மூன்றாவது, உங்கள் காதும் விரலும் கற்ற வித்தையை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று தேடுங்கள். ஒலிபெருக்கி, மைக் செட் அமைக்கத் தெரியும். ஒலிப்பதிவு தெரியும். பழுது பார்க்கத் தெரியும். குர்ஆன் ஓதலையும் பயான்களையும் பாடப் புத்தகங்களையும் ஒலியாக்கும் வேலை இன்று நிறைய இருக்கிறது. தெளிவான ஹலாலை நோக்கி ஓரடியாவது நகருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! பழைய பிழைப்பை விடு என்று சொல்லும் நாம், புதிய பிழைப்புக்கு என்ன செய்தோம்? பைத்துல்மாலில் இருந்து வட்டியில்லா அழகிய கடன் ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தோமா? கொடுக்காத வரை, நம் ஃபத்வா அவர் காதில் திட்டாகத்தான் விழும்.

பெற்றோர்களே! பிள்ளையின் காசில் சந்தேகம் இருந்தால் அதைத் தொடாமல் இருப்பது உங்கள் பேணுதல். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையையே தொடாமல் இருக்கச் சொல்லி மார்க்கம் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. இரவு 3 மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைக்குக் கதவைத் திறந்து விடுங்கள். திறந்த கையோடு ஃபஜ்ருக்கு எழுப்பி விடுங்கள்.

தூணோரம்

மூன்றாவது வாரம் நான் அந்த வாலிபரின் வீட்டுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய அத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து மேலே சொன்னதையெல்லாம் பேசினேன். அவர் வெகுநேரம் பதில் பேசவில்லை. கடைசியில், “அவன் சின்னப் பிள்ளையில நல்லா ஓதுவான் ஹஜ்ரத். அந்தக் குரல்தான் எனக்கு ஞாபகம் வருது” என்று மட்டும் சொன்னார். உள்ளே பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் அவர் நின்றது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் கீபோர்டை இன்னும் விற்கவில்லை. உங்களிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். சில மேடைகளை மட்டும் விட்டிருக்கிறார். மைக் செட் ஒன்று சொந்தமாக வாங்க ஜமாஅத்தில் கடன் கேட்டிருக்கிறார். அம்மா இன்னும் அந்தக் காசில் அரிசி வாங்குவதில்லை. ஆனால் சென்ற வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறியபோது பார்த்தேன். கடைசி ஸஃப்பில் தூணோரம் அவர் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடிக்கும் வரை எழுந்து போகவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பொழுதுபோக்கையும் பிழைப்பையும் உன் நினைவைவிட்டுத் திருப்பாதவையாக ஆக்குவாயாக! சந்தேகமானதை விடுவதற்கு எங்களுக்கு மனவலிமையையும், விட்டவர்களுக்கு அதைவிடச் சிறந்ததையும் தருவாயாக! வழி கேட்டு வருபவர்களின் முகம் பார்த்துப் பேசும் இதயத்தை எங்களுக்குக் கொடுப்பாயாக! எங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் உன் பள்ளிவாசலின் வாசலுக்கு வெளியே நிற்க வைத்த குற்றத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.